தூக்கிவாரிப் போடுறது பயம் இல்ல: தண்டுவட அடி பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகி, பெரம்பூர்): என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை பாத்தவர். போன வருஷம் ரெண்டாவது மாடி சாரத்துல இருந்து விழுந்து கழுத்துல சி-6 எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. கை கொஞ்சம் தூக்குறார், விரல் வேலை செய்யல, இடுப்புக்குக் கீழ சுத்தமா இல்ல. இப்ப பிரச்சனை என்னன்னா, முன்னாடி எதுக்குமே அசராத மனுஷன், இப்ப குக்கர் விசில் அடிச்சாலே அப்படியே தூக்கிவாரிப் போடுது, கண்ண இறுக்கி மூடிக்கிறார், கழுத்து வெட்டி இழுக்குது, தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுது. மாமியார் புள்ள பயந்துருக்கான்னு வேப்பிலை அடிச்சு, தர்காவுல மந்திரிச்சு கயிறும் கட்டிட்டு வந்தாங்க. கொழுந்தனார் அவர் காதுபடவே "பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்"னு சொல்றார். அவரும் ராத்திரில "நான் கோழை ஆயிட்டேனா"ன்னு என்னையே கேக்குறார். அடி கழுத்துல, கண்ணுக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்? தீபாவளி வேற வருது, எனக்கு இப்பவே திக்குதிக்குன்னு இருக்கு.

பதில்: சகோதரி, இந்தப் பதிலை அவர் பக்கத்துல உக்காந்து சத்தமா படிச்சுக் காட்டுங்க, கொழுந்தனாரும் அப்ப வீட்டுல இருந்தா ரொம்ப நல்லது. உங்க வீட்டுக்காரர் கோழை ஆகல. அவருக்கு நடக்குறது அனிச்சைச் செயல். பத்தாவது அறிவியல் புக்ல படிச்சிருப்போம், அனிச்சைன்னா இச்சை இல்லாம நடக்குறதுன்னு அர்த்தம், அதாவது மனசு "செய்"னு சொல்றதுக்கு முன்னாடியே உடம்பு செஞ்சு முடிச்சிடும். திடீர்னு சத்தம் கேட்டா கண்ணு மூடுறது எவ்வளவு வேகம்னா, ஒரு செகண்டை இருபதா வெட்டினா அதுல ஒரு துண்டு நேரம்தான் ஆகும், அந்த நேரத்துக்குள்ள யாராலயும் பயப்படக்கூட முடியாது, பயம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் வரும்.

இந்த வேலையப் பாக்குறது மூளைத்தண்டு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவுல, பிடரிக்கு உள்பக்கமா, கட்டைவிரல் தண்டிக்கு இருக்குற பகுதி அது, நடுமூளை, பான்ஸ், முகுளம்னு மூணு பாகம். காதுல விழுந்த சத்தம் பான்ஸ்ல இருக்குற ஒரு நரம்புக் கூட்டத்துக்குப் போகும், அது ஒரே நேரத்துல கண்ணு, தாடை, கழுத்து, தோள், கை, கால்னு எல்லாத்துக்கும் "சுருங்கு"ன்னு கட்டளை அனுப்பும். கால் பக்கம் போற கட்டளை அடிபட்ட எடத்துலயே நின்னுடும். ஆனா கண்ண மூடுற தசைக்கு 7-வது மூளை நரம்பு, கழுத்தைத் திருப்புற தசைக்கும் தோளைத் தூக்குற தசைக்கும் 11-வது நரம்பு, இது ரெண்டுக்கும் வயரிங் சி-6-க்கு மேலயே இருக்கு, அதனால அங்க எல்லாம் முழுசா தெரியுது.

சரி, மேல இருக்குறது நல்லா இருக்குன்னா முன்ன மாதிரியே தானே இருக்கணும், ஏன் அதிகமாச்சுன்னு கேப்பீங்க. அதுலதான் விஷயமே இருக்கு. தண்டுவடம் மேல இருந்து கீழ மட்டும் போற ரோடு இல்ல, கால், வயிறு, தோல், மூட்டுன்னு எல்லா எடத்துல இருந்தும் நாள் முழுக்க கோடிக்கணக்குல சேதி மேல போயிட்டே இருக்கும், அந்தச் சேதியில ஒரு பங்கு மூளைத்தண்டுக்கும் போகும், மூளைத்தண்டை அடக்கி ஒரு அளவுல வச்சிருக்குறதுல அந்தச் சேதிக்கும் ஒரு கை இருக்குன்னு சொல்றாங்க. அந்த வரத்து நின்னு போனா அடக்கம் தளந்துடும், சின்னச் சத்தத்துக்கும் பெரிய பதில் வரும். ஸ்பெயின்ல பார்சிலோனா பக்கத்து டாக்டர்ங்க தண்டுவட அடிபட்டவங்களுக்கு ஹெட்போன்ல திடீர்னு சத்தம் குடுத்து தசையில மின்பதிவு எடுத்துப் பாத்து 2008-ல எழுதினாங்க, அடிக்கு மேல இருக்குற தசைகள்ல இந்தத் திடுக்கிடல் மத்தவங்கள விட அதிகமா இருந்துச்சு. அதனால அடி கழுத்தோட நின்னுச்சுன்னு நினைக்குறது தப்பு, அதுக்கு மேல இருக்குற மூளைத்தண்டும் மாறுது.

ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா மனசுல உறுத்துறது. நான் சின்ன டாக்டரா இருந்தப்ப ஒரு வார்டுல மத்தியான சாப்பாட்டு நேரம், ஆயாம்மா கையில இருந்து எவர்சில்வர் தட்டு நழுவி மொசைக் தரையில விழுந்து சுத்திச் சுத்தி நின்னுச்சு. கூட இருந்த சொந்தக்காரங்க லேசா திரும்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான். கட்டில்ல இருந்த நாலு பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு மூடி, தாடை இறுகி, தலை தலகாணியில இருந்து எகிறிடுச்சு, ஆனா நெஞ்சுக்குக் கீழ போத்தியிருந்த போர்வை அசையவே இல்ல. ரெண்டு செகண்டு கழிச்சு ஒருத்தருக்கு மட்டும் போர்வைக்குள்ள கால் தடதடன்னு ஆட ஆரம்பிச்சுச்சு. நான் கேஸ் ஷீட்ல நாலு பேருக்கும் "பதட்டம்"னு எழுதினேன். அதுல ஒரு பையன் "சார் நான் பயப்படல சார், அதுவா வருது"ன்னு சொன்னான், நான் காதுலயே வாங்கல. அவன் சொன்னதுதான் சரி.

இப்ப வீட்டுல என்ன பண்றதுன்னு பாப்போம். சூடான டீ, காபி, ரசம் எதையும் அவர் மடியிலயோ தொடைக்கு நடுவுலயோ வைக்காதீங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீல்சேர்ல வாசல்ல உக்காந்து டம்ளரைத் தொடை நடுவுல வச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு தண்ணி லாரி ஏர் ஹாரன் அடிச்சுச்சு, கை எகிறி டீ முழுக்க தொடையில, அவருக்கு உணர்ச்சி இல்லாததால ஈரம்தானேன்னு விட்டுட்டார், சாயங்காலம் லுங்கி மாத்தும்போதுதான் அவங்க அம்மா உள்ளங்கை அகலத்துக்கு கொப்பளம் பாத்தாங்க. ஆற ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. மூடி போட்ட டம்ளர், பக்கத்துல ஒரு ஸ்டூல், அது போதும். வீல்சேர்ல பெல்ட் போடுங்க. பின்னாடி இருந்து திடீர்னு தொடாம, முன்னாடி வந்து "ஏங்க"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுத் தொடுங்க. குக்கரை அவர் கட்டில்ல இருந்து தள்ளி வைங்க, கதவுக்கு அடியில ஒரு பழைய துணி மடிச்சு வச்சா டமார்னு சாத்தாது.

தீபாவளிக்கு, தமிழ்நாட்டுல வெடி வெடிக்க காலையில 6-ல இருந்து 7, சாயங்காலம் 7-ல இருந்து 8-னு ரெண்டு மணி நேரம்தான் அனுமதி, அந்த நேரத்துல ரோட்டுப் பக்கம் இல்லாத ரூமுக்கு மாத்துங்க, மெடிக்கல்ல கிடைக்குற ஃபோம் இயர்பிளக் வாங்கி வைங்க, பஞ்சு வச்சா அவ்வளவா அடங்காது. கீழ் வீடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நம்ம ஊருப் பசங்க விவரம் சொன்னா கேப்பாங்க.

ஸ்பாஸ்முக்குன்னு, அதாவது தசை இழுப்புக்குன்னு, பேக்லோஃபென் மாத்திரை ஓடுதுன்னா, யார் சொன்னாலும் திடீர்னு நிறுத்தாதீங்க, நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், இழுப்பு முன்ன விட மோசமா திரும்பி வரும். அளவைக் கூட்டுறதும் குறைக்குறதும் டாக்டர் கையில இருக்கட்டும். இழுப்பு திடீர்னு அதிகமாச்சுன்னா யூரின் இன்ஃபெக்‌ஷன், படுக்கைப் புண், மோஷன் கட்டிக்கிறது, இந்த மூணையும் முதல்ல பாருங்க. முழுங்க கஷ்டமா இருக்கு, குரல் கம்முது, முகம் மரத்துப்போகுது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, நல்லா இருந்த கையும் பலம் குறையுதுன்னா அது இந்தத் திடுக்கிடல் கணக்குல சேராது, தண்டுவடத்துக்குள்ள நீர்க்கட்டி உண்டாகி மேல ஏறுதான்னு எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கணும், தள்ளிப்போடாதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. விழுந்த அந்த நிமிஷம் கனவுல திரும்பத் திரும்ப வருது, கண்ண மூடினா சாரம் சரியுறதே தெரியுது, தூக்கமே இல்லன்னா, மனசுக்கும் அடிபட்டிருக்கு, அதுலயும் திடுக்கிடல் கூடும், அப்ப மனநல டாக்டரையும் பாருங்க. அதுவும் கோழைத்தனம் இல்ல, அதுவும் காயம்தான். மாமியார் கட்டின கயிறு கையில இருந்துட்டுப் போகட்டும், இறுக்கமா மட்டும் இல்லாம பாத்துக்கோங்க. அவங்க பாசத்துல கட்டினது.

கேள்வி (வாசகர், தாம்பரம்): எனக்கு 22 வயசு, ஜிஎஸ்டி ரோட்ல பைக் ஆக்சிடென்ட், டி-4 லெவல், அதாவது நெஞ்சுப் பக்க முதுகெலும்புல மேல இருந்து நாலாவதுன்னு சொன்னாங்க. மூணு மாசமா திடீர் திடீர்னு தலை வெடிக்குற மாதிரி வலி, முகம் சிவந்து நெத்தியில இருந்து வேர்வை கொட்டுது, மூக்கு அடைச்சுக்குது. நெஞ்சுக்குக் கீழ ஒரு சொட்டு வேர்வை இல்ல. பக்கத்து கிளினிக்ல பிபி 140/90, பரவாயில்ல, டென்ஷன்தான்னு தூக்க மாத்திரை குடுத்தாங்க. யூரின் டியூப் மாத்தினா சரியாயிடுது, அதுதான் புரியல.

பதில்: தம்பி, யூரின் டியூப் மாத்தினா சரியாயிடுதுன்னு நீங்களே கவனிச்சிருக்கீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு. இதுக்குப் பேரு அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. டி-6-லயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு வர்றது, உயிருக்கே ஆபத்து ஆகலாம், தூக்க மாத்திரை இதுக்கு மருந்து இல்ல.

நம்ம வீட்டு மோட்டாரை வச்சே புரிஞ்சுக்கலாம். கீழ சம்ப்ல மோட்டார் ஓடுது, மாடியில டேங்க் நிரம்பி வழியுது, மாடியில இருக்குறவர் பாத்துட்டார், ஆனா சுவிட்ச் கீழ இருக்கு, கீழ போற வயர் அறுந்து கிடக்கு. அவரால முடிஞ்சது மாடியில இருக்குற குழாயை எல்லாம் திறந்து விடுறதுதான். உங்க உடம்புல அந்த மாடிக்காரர் முகுளம். மூத்திரப்பை நிரம்புது, டியூப் மடங்கியோ அடைச்சோ இருக்கு, அந்தச் சேதி உங்க மனசுக்குத் தெரியாது, ஆனா அடிபட்ட எடத்துக்குக் கீழ தண்டுவடம் தனியா உயிரோட தானே இருக்கு, அது அங்க இருக்குற ரத்தக்குழாய எல்லாம் இறுக்கிடுது, குறிப்பா குடல் பக்கம் போற பெரிய குழாய்கள. பிபி ஜிவ்வுன்னு ஏறுது. கழுத்து ரத்தக்குழாய்ல இருக்குற உணர்வி முகுளத்துக்கு உடனே சொல்லிடும். முகுளம் "தளத்து"ன்னு அனுப்புற கட்டளை டி-4-ல நின்னுடுது. அதால முடிஞ்சது ரெண்டே ரெண்டு, ஒண்ணு வேகஸ் நரம்பு வழியா நெஞ்சுத் துடிப்பைக் குறைக்குறது, அந்த நரம்பு தண்டுவடத்துல போகாம கழுத்து வழியா நேரா இறங்குறதால அது தப்பிச்சிருக்கு, இன்னொண்ணு அடிக்கு மேல இருக்குற குழாய்கள விரிக்குறது. அதான் முகம் சிவக்குறது, மூக்கு அடைக்குறது, வேர்வை எல்லாம். மூத்திரப்பை நிரம்பினா ரத்த அழுத்தம் இப்படி எகிறும்னு 1947-லயே இங்கிலாந்துல லுட்விக் குட்மன் விவரமா எழுதிட்டார். பாராலிம்பிக்ஸுக்கு விதை போட்டாரே, அதே டாக்டர்தான்.

அப்புறம் அந்த 140. உங்க மாதிரி அடிபட்டவங்களுக்குச் சாதாரணமா மேல் பிபி 90-ல இருந்து 110-க்குள்ளதான் இருக்கும். அதுல இருந்து 20, 40 ஏறினாலே அது ஆபத்துக் கணக்கு. எல்லாரோட 120-ஐ வச்சு உங்களப் பாத்தா 140 பெருசா தெரியாது, உங்களோட 100-ஐ வச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதனால நல்லா இருக்குற நாள்ல ஒரு வாரம் பிபி பாத்து எழுதி, "எனக்கு டி-4 தண்டுவட அடி, என் நார்மல் பிபி இவ்வளவு, அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா வரும்"னு ஒரு சீட்டுல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க, எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல அதைக் காட்டுங்க.

வந்துச்சுன்னா படுக்கவே கூடாது. உடனே நிமிந்து உக்காருங்க, காலைத் தொங்கப் போடுங்க, நிமிந்தா பிபி கொஞ்சம் இறங்கும். பெல்ட், ஜீன்ஸ் பட்டன், ஷூ, யூரின் பேக் ஸ்ட்ராப் எல்லாத்தையும் தளத்தச் சொல்லுங்க. அப்புறம் டியூப் எங்கயாவது மடங்கியிருக்கா, மேல உக்காந்திருக்கீங்களா, பேக் நிரம்பியிருக்கா பாருங்க. அது சரியா இருந்தா மோஷன் கட்டியிருக்கலாம், அதுவும் இல்லன்னா புண்ணு, கால் நகம் சதையில குத்துறது, சட்டை மடிப்பு அழுத்துறதுன்னு தேடணும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி பாருங்க. குறையலன்னா 108-ஐக் கூப்பிடுங்க, ஆம்புலன்ஸ்லயும் நிமித்தியே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இன்னொண்ணு, வெக்கப்படாம கேளுங்க, ஆண்மைக் குறைவுக்குக் குடுக்குற சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை எடுத்திருந்தா ஆஸ்பத்திரியில கட்டாயம் சொல்லிடணும், அது உடம்புல இருக்கும்போது பிபி குறைக்க நைட்ரேட் மருந்து குடுத்தா பிபி பாதாளத்துக்குப் போயிடும். மூணு மாசமா திரும்பத் திரும்ப வருதுன்னா மூத்திரப்பையில கல்லு இருக்கான்னும் ஸ்கேன் பண்ணிடுங்க. கே.கே. நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, தாம்பரத்துல இருந்து தூரம் இல்ல, ஒரு தடவை போய் முழுசா காட்டுங்க.

கேள்வி (வாசகி, வேளச்சேரி): அப்பாவுக்குக் கழுத்துத் தண்டுவடத்துல அடி. நரம்பு டெஸ்ட் எடுக்கும்போது புருவத்துக்கு மேல கரண்ட் வச்சாங்க, ரெண்டு கண்ணும் சிமிட்டுச்சு. கழுத்துக்கு வைத்தியம் பாக்கப் போனா கண்ணுல ஏன் ஷாக் வைக்கணும்? பார்வைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: பார்வைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அது பிளிங்க் ரிஃப்ளெக்ஸ் டெஸ்ட். புருவத்துக்கு மேல ஓடுற நரம்புல ஒரு சின்னச் சுண்டல், ரப்பர் பேண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். வச்ச பக்கத்துக் கண்ணுல மட்டும் சுமார் 10 மில்லி செகண்டுல முதல் பதில் வரும், சுமார் 30 மில்லி செகண்டுல ரெண்டு கண்ணுலயும் ரெண்டாவது பதில் வரும். முதல் பதில் பான்ஸ் வழியா போயிட்டு வர்றது, ரெண்டாவது முகுளம் வரைக்கும் இறங்கிச் சுத்திட்டு வர்றது, அதான் லேட். அப்பாவுக்கு அடிபட்ட அன்னிக்குத் தலையும் ஆடியிருக்குமே, மூளைத்தண்டுலயும் ஏதாவது பாதிப்பு இருக்கான்னு வெளிய இருந்தே பாக்க இது ஒரு வழி. ரெண்டு கண்ணும் சிமிட்டுச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அது நல்ல சேதி. அந்த நேரக் கணக்கெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கும், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கேள்வி (வாசகர், ராயபுரம்): கழுத்துல அடிபட்டு நாலு வருஷம் ஆச்சு, கைவிரல்ல உணர்ச்சியே கிடையாது. ஆனா தம்பி எனக்கு ஷேவ் பண்ணி விடும்போது தாடையில பிளேடு போனா, விரல்ல ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு. யார்கிட்டயாவது சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு இத்தனை நாள் சொல்லல. நரம்பு திரும்ப வளருதா?

பதில்: ஐயா, உங்க ஏரியாவுல இருக்குற ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், அப்புறம் அமெரிக்கா போய் கையை வெட்டி எடுக்க வேண்டி வந்தவங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணப்ப, கண்ணைக் கட்டிட்டு கன்னத்துல பஞ்சால தொட்டா "கையில தொடுறீங்க"ன்னு சிலர் சொன்னாங்க, இல்லாத கையில! அதனால உங்களுக்கு வர்றது பைத்தியம் இல்ல, முகமும் கையும் மூளை வரைபடத்துல பக்கத்துப் பக்கத்து வீடு.

தண்டுவட அடியில இது எங்க நடக்குதுன்னு ஹரியானாவுல மானேசர்ல இருக்குற தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துல நீரஜ் ஜெயினும் அவர் கூட இருந்தவங்களும் குரங்குகள்ல பாத்து 2014-ல எழுதினாங்க. கழுத்துல தண்டுவடத்தோட பின்பக்கக் கற்றை, அதாவது தொடு உணர்ச்சியை மேல கொண்டு போற நரம்புக் கட்டு, அறுந்து வருஷக்கணக்கா ஆன குரங்குல, தாடையைத் தொட்டா மேல் மூளையில கைக்குன்னு இருந்த இடம் பதில் சொல்லுது. சரி, மூளையிலதான் மாறியிருக்குன்னு நினைப்போம், ஆனா முகுளத்துல கையோட உணர்ச்சி வந்து சேர்ற முடிச்சை மருந்து வச்சு மரத்துப்போக வச்சதும் மேல வந்துக்கிட்டு இருந்த அந்தப் பதிலும் நின்னு போச்சு. ஆக மாற்றம் நடந்த எடம் மூளைத்தண்டு. அதே ஜெயின் 2000-லயே அமெரிக்காவுல இருந்தப்ப, முகத்து நரம்போட இழைகள் அந்தக் கை முடிச்சுக்குள்ள புதுசா முளைச்சுப் போறதையும் காட்டியிருக்கார். பக்கத்து மனை காலியா கிடந்தா செடி படர்ற மாதிரி.

உங்க கேள்விக்கு நேரா சொல்றேன், நம்பிக்கை குடுக்குறேன்னு பொய் சொல்ல எனக்கு மனசு வராது. உங்களுக்கு நடக்குறதும் இதே மாதிரிதான்னா, வளர்ந்தது முகத்து நரம்பு, அறுந்த தண்டுவடம் ஒட்டலை. அது விரலுக்கு உணர்ச்சியையோ பலத்தையோ கொண்டு வராது. ஆனா அடிபட்டு இத்தனை வருஷம் ஆன மூளைத்தண்டும் புதுசா இழை விடுதுங்குறது எனக்கு இன்னிக்கும் மெய் சிலிர்க்க வைக்குற விஷயம். அந்த ஊர்ற உணர்ச்சி வலியாவோ எரிச்சலாவோ மாறினா சொல்லுங்க, அதுக்கு மருந்து இருக்கு.

கேள்வி (வாசகி, கொளத்தூர்): தம்பிக்கு சி-5 அடி. நெஞ்சுல சளி கொறகொறன்னு கேக்குது, ஆனா இருமினா வெளிய வரல. இருமல் உணர்ச்சியே செத்துப் போச்சா?

பதில்: சாகலம்மா. இருமல் வரணும்னு முடிவு பண்றது மூளைத்தண்டு, தொண்டையில இருந்து அதுக்குச் சேதி வேகஸ் நரம்பு வழியா போகுது, அது முழுசா இருக்கு. மூச்சை இழுக்குற உதரவிதானத்துக்கு சி-3-ல இருந்து சி-5 வரைக்கும் நரம்பு, அதுவும் ஓரளவுக்கு இருக்கு, அதனாலதான் தம்பி தானா மூச்சு விடுறார். வெளிய தள்ளுற வயித்துத் தசைக்குத்தான் கட்டளை போகல. கட்டளை குடுக்குற எடம் நல்லா இருக்கு, தள்ளுறதுக்குத்தான் ஆள் இல்ல, அந்த ஆளா நீங்க இருக்கணும். அவர் மூச்சை நல்லா இழுத்து இரும ஆரம்பிக்குற அதே நொடியில, தொப்புளுக்கு மேல விலா எலும்புக்குக் கீழ உள்ளங்கையை வச்சு உள்ளயும் மேலயுமா ஒரு தள்ளு. பிசியோ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்து, உங்க கையை அவங்க பாத்து சரின்னு சொன்ன அப்புறம்தான் வீட்டுல தனியா பண்ணணும், சாப்பிட்ட உடனே பண்ணக் கூடாது. காய்ச்சல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாஞ்சாலோ வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.